எப்ரோன் வீட்டில் சொல்லிக்கொண்டது

"வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே வைச்சிருக்கிறாய், பிள்ளை? போட்டு வாறன் எண்டு சொல்லத் தெரியாதோ?"

சத்தியபாமா அன்ரி இப்படிக் கேட்டது ஹோம்புஷில், தன் வீட்டு வாசலில், விருந்துக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால். பத்மா அப்போது சிட்னிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எல்லோரும் விடைபெற்றுக்கொண்டு நின்றபோது அவள் மட்டும் அக்காவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி, சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கப் பார்த்தாள்.

"சொல்லாமல் கொள்ளாமல் போறதுக்கு இதென்ன செத்த வீடே?" என்று அன்ரி விடாமல் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பத்மாவின் காது மடல்கள் எரிந்தன.

யாழ்ப்பாணத்து ஆட்கள் இந்த விடயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் 'போறன்' என்று சொல்லக்கூடாது. 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி வருவேன் என்று வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வாக்கு அது. வாக்குக் கொடுக்காமல் எழும்பிப் போவது ஒரே ஒரு வீட்டிலிருந்துதான். பிணம் கிடக்கும் வீட்டில் எவரும் எவருக்கும் எதுவும் சொல்வதில்லை. அங்கே 'வாறன்' என்று சொன்னால், சாவும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பத்மாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் வாய் வராது. ஒன்பதாம் வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னபோது தொண்டை அடைத்துப்போய், அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் போகாமல் விட்டவள் அவள். பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். சிட்னியில் இருந்த அக்கா ரஞ்சினி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, தங்கச்சியைத் தன்னிடம் எடுப்பித்தாள். அக்காவைத் தவிர பத்மாவுக்கு இந்த உலகத்தில் ஆளில்லை. அது அவளுக்குத் தெரிந்ததைப்போலவே அக்காவுக்கும் தெரிந்திருந்தது.

எழுபத்தாறாம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு அந்த நடைப் பயணத்தை ஒழுங்கு செய்தவர் அக்காவின் கணவர் வரதராஜா. அவர் எஞ்சினியர். சிட்னிக்கு வடக்கே, பெரிய ஆற்றைப் படகில் கடந்தால், அந்தக் காலத்துக் கைதிகளைக் கொண்டு வெட்டிய மலைப்பாதை ஒன்று இருக்கிறதாம். பகல் முழுக்க நடப்பது, பொழுதுபடும்போது ஒரு பழைய சத்திரத்தில் தங்குவது, மறுநாள் அடுத்த சத்திரம். பெட்டிகளை ஒரு வான் வண்டி முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிடும். அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் குடியேறியவர்கள் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். ஓடைக்கு யோர்தான் என்று பெயர் வைத்தார்கள். மேட்டுக்கு நேபோ. சத்திரங்களுக்குப் பெத்தேல், எப்ரோன், எம்மாவு.

"நல்லூரிலை தேர் பாக்கிற ஆக்கள் நாங்கள், இஞ்சை வந்து பைபிளுக்குள்ளாலை நடக்கிறம்" என்றார் வரதராஜா, படகிலிருந்து இறங்கும்போது.

"நான் மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்சனான். எனக்கு எல்லா ஊரும் தெரிஞ்ச ஊர்தான்" என்றாள் ரஞ்சினி. "நீங்கள்தான் வழி தவறுவியள்."

"உன்ரை தங்கச்சி இண்டைக்கு ஏதாவது கதைச்சவளே?"

"நீங்கள் மூடினால்தானேயப்பா அவள் திறக்க."

"ஐயோ, திறக்க விடாதை. அவள் வாய் திறந்தால் மழையெல்லோ வரும். மலையாலை இறங்கும் மட்டும் பொத்திக்கொண்டு வரட்டும்."

பத்மா சிரித்தாள். அத்தான் அவளைச் சீண்டுவது அவளுக்குப் பிடிக்கும். பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லாத பகிடி அது.

பாதையின் ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறுபக்கம் ஆள் உயரத்துக்கு மேலாக அடுக்கிய கற்சுவர். ஒவ்வொரு கல்லிலும் உளி விழுந்த தழும்புகள் அப்படியே இருந்தன. கால் விலங்கோடு நின்று கொத்திய கல் என்று அத்தான் சொன்னார். அவர் சுவரைத் தட்டித் தட்டி வியந்துகொண்டே வந்தார். பத்மா தொடவில்லை. யூகலிப்டஸ் மரங்கள் பட்டை உரிந்து, வெள்ளை வெள்ளையாய் நின்றன. எங்கோ மணி அடிப்பதுபோல ஒரு பறவை விட்டுவிட்டுக் கத்தியது. ஆள் நடமாட்டமே இல்லை.

முதல் இரவு பெத்தேலில் நன்றாகவே கழிந்தது. பூசணிக்காய் சூப், சூடான பாண், கதகதப்பான அறை. காலையில் புறப்படும்போது வீட்டுக்காரி வழிக்குச் சாப்பாடும் கட்டிக்கொடுத்து, மூன்று பேரின் கையையும் பிடித்து விடை தந்தாள். பத்மா மரம் மாதிரி நின்றாள்.

வழியில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் எத்தினை நாளைக்கு உனக்காகக் கதைக்கிறது, பத்மா? எனக்கு ஏதும் நடந்தால் உனக்கு ஆர் இருக்கினம்? ஊமைச்சி மாதிரித் தெருத்தெருவாத் திரியப்போறியே?"

"அப்பிடிச் சொல்லாதை அக்கா."

"அப்ப நாளைக்கு நீ சொல்லோணும். வாயைத் திறந்து, முகத்தைப் பாத்து. எனக்காக."

"ஓம்" என்றாள் பத்மா.

எப்ரோனுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மலைக்கு அப்பால் இறங்கிவிட்டது. கல்லால் கட்டிய தாழ்ந்த வீடு. பெயர்ப்பலகையில் எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. ரஞ்சினி அதை வாசித்துவிட்டு, "ஆபிரகாம் தன்ரை பெண்சாதி சாராளை அடக்கம் பண்ண நிலம் வாங்கின இடம்" என்றாள்.

"சத்திரத்துக்கு வைக்க வேறை பேர் கிடைக்கேல்லையாமே கட்டினவனுக்கு?" என்றார் வரதராஜா.

கதவைத் திறந்தவர் ஒரு கிழவர். பெயர் கிளெம் என்றார். தலைமுடி வாரப்படவில்லை. சேர்ட்டின் மேல் பொத்தான் வரை இறுக்கிப் பூட்டியிருந்தது. மூன்று பேரையும் அவர் பார்த்த பார்வை, யாரும் வரமாட்டார்கள் என்று நம்பியிருந்தவரின் பார்வை. ஆனாலும் கதவை அகலத் திறந்துவிட்டார். மனைவி முன்னறையில் இருக்கிறாள், சத்தம் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவருடைய ஆங்கிலத்தை அக்கா காதோரம் தமிழில் சொன்னாள்.

வீட்டுக்குள் யன்னல் சீலைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. முன்னறையின் கதவடியில் ஒரு வாளி. அதற்குள் புதிதாக வெட்டிய யூகலிப்டஸ் கொப்புகள். அந்தக் காரமான இலை மணம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. அதற்கு அடியில் வேறொரு மணமும் இருந்தது. தண்ணீர் மாற்ற மறந்த பூச்சாடியின் மணம்போல ஒன்று.

சுவர் மணிக்கூடு நின்றுபோயிருந்தது. அதன் பக்கத்தில் இருந்த நிலைக்கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்ததும் ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்குக்கூட விளங்கியிருக்கும். இவர்களுக்கு விளங்கவில்லை. இவர்கள் அறிந்த சாவு வேறு மாதிரியானது. வாசலில் வாழைக் குலை, பறை, தலைவிரித்து அழும் பெண்கள், தெரு முழுக்கக் கதிரைகள். சத்தமே இல்லாத வீட்டில் சாவு இருக்கும் என்று இவர்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

"பாவம், சாவி குடுக்க மறந்துபோனார்" என்று சொல்லி, அத்தான் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்து ஓடவிட்டார். ரஞ்சினி கறுப்புத் துணியை ஒரு பக்கம் தூக்கி, கண்ணாடியில் குனிந்து, வேர்வையில் அழிந்த பொட்டைத் திரும்ப வைத்தாள்.

காலையில் பார்த்தபோது மணிக்கூடு மறுபடியும் நின்றிருந்தது. துணி மறுபடியும் இழுத்துவிடப்பட்டிருந்தது.

கிழவரைக் காணவில்லை. வீட்டின் பின்பக்கத்து மேட்டிலிருந்து மண் வெட்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"விடியக் காலமை தோட்டம் கொத்துறார்" என்றார் அத்தான். மேட்டைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

படலைக்கு வெளியே ரஞ்சினி நின்றாள். "பத்மா. சொன்னனியே?"

பத்மா தலை குனிந்தாள்.

"நேற்றைக்கு என்ன சொல்லிக்கொண்டு வந்தனி? அந்த மனுஷி முன்னறையிலை இருக்குதாம். போ. போய்ச் சொல்லிப்போட்டு வா. நாங்கள் நிக்கிறம்."

பத்மா திரும்பி நடந்தாள். படியில் ஏறும்போது வாய்க்குள் அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முன்னறைக் கதவு நேற்றுப் பூட்டிக் கிடந்தது. இன்று கொஞ்சம் திறந்திருந்தது.

அவள் விரலால் தள்ளினாள்.

உள்ளே மங்கலான வெளிச்சம். கட்டில் ஒன்று வெள்ளைத் துணி விரித்து, ஒரு சுருக்கமும் இல்லாமல், வெறுமையாக இருந்தது. யன்னலைப் பார்த்தபடி ஒரு பிரம்புக் கதிரை. அதில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். நரைத்த பின்னல் கதிரையின் முதுகுக்கு வெளியே தொங்கியது. மூடியிருந்த யன்னல் சீலையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை கதிரையின் கைப்பிடி மேல் இருந்தது. விரலில் மோதிரம்.

ஒன்பதாம் வகுப்பு நினைவு வந்தது. ஆனால் படலையில் அக்கா நிற்கிறாள்.

"அன்ரி," என்றாள் பத்மா. அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்தது. தெளிவாக, உரக்க, ஒரு எழுத்தையும் விழுங்காமல் சொன்னாள். "நாங்கள் போட்டு வாறம்."

அந்தப் பெண் திரும்பவில்லை.

மோதிர விரல் மட்டும் மெல்ல எழும்பியது. கைப்பிடியில் ஒரு தரம் தட்டியது.

டொக்.

சரி என்று சொல்வதுபோல.

பத்மா ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிப்போட்டன்!"

"மெய்யாவே? உன்ரை வாயாலையே?" ரஞ்சினி அவளைக் கட்டி உச்சியில் கொஞ்சினாள். "என்ரை குஞ்சு."

அத்தான் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "முடிஞ்சுது. மழை வரப்போகுது."

மத்தியானத்துக்குள் மழை வந்தது. இடி இல்லை, காற்று இல்லை. ஓயாத, நேரான மழை. பாதை சேறாகியது. மூன்று பேரும் அத்தானின் பகிடியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி நடந்தார்கள். பிறகு சிரிப்பு ஓய்ந்தது. ரஞ்சினி இரும ஆரம்பித்தாள். பத்மா மட்டும் இடைக்கிடை திரும்பிப் பார்த்தாள். மழைக்குள் ஏதோ ஒரு சத்தம். கற்சுவரில் யாரோ விரலால் தட்டிக்கொண்டு வருவதுபோல. நின்று கேட்டால் இல்லை. நடந்தால் இருந்தது.

எம்மாவு சத்திரத்தில் விளக்குகள் எரிந்தன. அதன் வீட்டுக்காரி நோரீன் கொழுத்த, கலகலப்பான பெண். துவாய்களோடு வாசலுக்கே ஓடிவந்தாள். அடுப்படியில் அவர்களை இருத்திவிட்டு மேசையை ஒழுங்கு செய்தாள்.

"பத்மா, இஞ்சை பார்" என்றாள் ரஞ்சினி, இருமலுக்கு நடுவில். "இண்டைக்கு உயிர்த்த ஞாயிறு. எம்மாவு கதை தெரியுமே? இயேசு செத்த பிறகு அவரின்ரை ஆக்கள் ரண்டு பேர் எம்மாவு எண்ட ஊருக்கு நடந்து போகினம். வழியிலை தெரியாத ஆள் ஒருத்தர் கூட நடந்து வாறார். சாப்பாட்டு மேசையிலைதான் தெரியுது, அது செத்தவர் எண்டு. அதுதான் இந்த மனுஷி ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்த ஆளுக்கெண்டு ஒரு தட்டுக் கூட வைக்கிறவவாம்."

"அப்ப நாலு தட்டு" என்றார் அத்தான்.

பத்மா மேசையைப் பார்த்தாள். ஐந்து தட்டுகள் இருந்தன.

அக்காதான் நோரீனிடம் கேட்டாள். நோரீன் சிரித்துக்கொண்டே விரல் மடக்கினாள். நீங்கள் மூன்று பேர். வழிப்போக்கருக்கு ஒன்று. உங்கள் கூட வந்த அந்த அம்மாவுக்கு ஒன்று.

"எந்த அம்மா?"

வளைவு திரும்பும்போது யன்னலால் பார்த்தேனே, என்றாள் நோரீன். உங்களுக்குக் கொஞ்சம் பின்னால், மழையில், குடைகூட இல்லாமல். இன்னும் உள்ளே வரவில்லையா?

அடுப்பில் ஒரு கொள்ளி சரிந்து விழுந்தது.

பிறகு நோரீன், எந்த வழியாக வந்தீர்கள், நேற்று எங்கே தங்கினீர்கள் என்று விசாரித்தாள். எப்ரோன் என்ற பெயரைக் கேட்டதும் அவள் கையிலிருந்த கரண்டி மேசையில் இறங்கியது. அதன் பிறகு அவள் சொன்னதைப் பத்மா ஆங்கிலத்தில் கேட்கவில்லை. அக்காவின் முகத்தில்தான் கேட்டாள். ஒவ்வொரு வசனத்துக்கும் அந்த முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிறம் இறங்கியது.

"என்ன அக்கா? என்ன சொல்லுறா?"

"கிளெம்மின்ரை பெண்சாதி பெரிய வெள்ளி அண்டைக்குக் காலமை செத்துப்போனாவாம்."

"ஆர்?"

"இண்டைக்குத்தான் மேட்டிலை கிடங்கு வெட்டி வைக்கிறதாம். நாளைக்குப் பாதிரியார் வந்தாப்போலை அடக்கமாம். வாற ஆக்களைத் திருப்பி அனுப்பிறதை உயிரோடை இருக்கேக்கை அந்த மனுஷி விடாதாம். அதுதான் கிழவன் எங்களை உள்ளை விட்டிருக்கு. மணிக்கூட்டை நிப்பாட்டுறது, கண்ணாடியை மூடுறது எல்லாம் இவையின்ரை செத்த வீட்டு முறையாம்."

"முன்னறையிலை..." என்றாள் பத்மா.

"அங்கைதானாம் பிரேதத்தை வளத்தியிருந்தது. கட்டிலிலை."

"கட்டிலிலை ஒருத்தரும் இல்லை அக்கா. கதிரையிலை இருந்தவ. எனக்கு விரலாலை தட்டிக் காட்டினவ."

ரஞ்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் நினைத்துக்கொண்டது கதிரையை அல்ல. போய்ச் சொல்லிப்போட்டு வா என்று தானே பிள்ளையைப் பிடித்துத் திருப்பி அனுப்பியதை.

"செத்த வீட்டிலை சொல்லிப்போட்டு வந்திட்டியேடி."

"சும்மா விசர்க்கதை" என்றார் வரதராஜா. ஆனால் அந்த ஐந்தாவது தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தவரும் அவர்தான்.

விடியும்போது ரஞ்சினிக்கு உடம்பு கொதித்தது. சிட்னிக்குக் கொண்டுபோக அத்தான் நோரீனிடம் கார் கேட்டுக்கொண்டிருந்தார். பத்மா சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். எவரிடமும் சொல்லவில்லை.

மழை விட்டிருந்தது. பாதையில் முழங்காலளவு பனிமூட்டம். எப்ரோன் பக்கமாக, வளைவு தெரியும் வரை நடந்துபோய் நின்றாள். வாக்குக் கொடுத்தவள் அவள். திருப்பி வாங்க வேண்டியவளும் அவள்தானே.

"அன்ரி," என்று வெறும் பாதையைப் பார்த்துச் சொன்னாள். "நான் தெரியாமல் சொல்லிப்போட்டன். நான் வரமாட்டன். நீங்களும் வரவேண்டாம்."

பனி அசையவில்லை.

"கட்டாயம் ஆரையும் கூட்டிக்கொண்டு போகோணும் எண்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அக்காவை விடுங்கோ."

அவள் காத்திருந்தாள். பறவைகூடக் கத்தவில்லை.

பிறகு பதில் வந்தது.

டொக்.

அவள் பார்த்துக்கொண்டு நின்ற எப்ரோன் பக்கத்திலிருந்து அல்ல. அவளுக்குப் பின்னாலிருந்து. அக்கா படுத்திருந்த வீட்டுப் பக்கத்திலிருந்து.

ஹோம்புஷில் தங்கள் மாடி வீட்டுக்குத் திரும்பிய பிறகு அக்காவின் காய்ச்சல் இறங்கியது. டொக்டர் நெஞ்சைச் சோதித்து, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். அத்தான் வேலைக்குப் போகத் தொடங்கினார். பத்மா விடியப்புறம் எழும்பிக் கஞ்சி வைத்தாள், வீடு கூட்டினாள், அக்காவின் மூச்சை எண்ணாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் முடிந்துபோகும்போது, இன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நடக்காமலே போய்விடும் என்று நம்பக்கூடத் தொடங்கினாள்.

ஆனால் அக்கா கதைப்பது குறைந்துவிட்டது.

முன்பெல்லாம் வீட்டில் பேச்சு முழுவதும் அக்காவுடையது. குசினியில் நின்றால் அடுப்போடு கதைப்பாள், வெளியே போனால் மரத்தோடு கதைப்பாள். இப்போது கேட்டால் ஓம், இல்லை. பிறகு தலையாட்டல். இருப்பறையில் தொலைக்காட்சியைப் பார்த்தபடி கிடந்த பிரம்புக் கதிரையை அவள் ஒருநாள் இழுத்து யன்னலைப் பார்த்துப் போட்டாள். அதில் பகலெல்லாம் இருந்தாள். கீழே ரயில் பாதையைப் பார்க்கிறாள் என்று பத்மா நினைத்தாள். ஒருநாள் பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, யன்னல் சீலை மூடியிருந்தது.

"அக்கா, வெளிச்சம் விடட்டே?"

தலை இல்லையென்று ஆடியது.

மணிக்கூட்டுச் சத்தம் தலைக்குள் இடிக்கிறது, நிப்பாட்டு, என்று ஒரு மாலை சொன்னாள். பத்மா நிறுத்தினாள். அத்தான் வந்து திரும்ப ஓடவிட்டார். மறுநாள் அது தானாக நின்றிருந்தது.

ஒரு புதன்கிழமை காலை அத்தான் வேலைக்குப் போனபின் அக்கா மெல்ல, மிக மெல்ல, "கண்ணாடியை மூடு, பத்மா. முகம் பாக்க ஏலாமல் கிடக்கு" என்றாள்.

சொன்னதைச் செய்தே பழகியவள் பத்மா. அலுமாரியில் கைக்கு அகப்பட்ட போர்வையை எடுத்துக் கண்ணாடியில் போட்டாள். போட்ட பிறகுதான் போர்வையின் நிறத்தைப் பார்த்தாள்.

அது கறுப்பு.

உடனே இழுத்து எடுக்கக் கை நீட்டினாள். அறைக்குள் யூகலிப்டஸ் இலை நறுக்கிய மணம் வந்தது. அதற்கு அடியில் மற்ற மணமும். கை அந்தரத்திலேயே நின்றது.

வாசலில் மணி அடித்தது.

சத்தியபாமா அன்ரி ஒரு கையில் சூப் பாத்திரமும் மறுகையில் கைப்பையுமாக நின்றாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து, நேர்ஸ் உடுப்போடு நேரே வந்திருந்தாள். அவளைக் கண்டதும் பத்மாவுக்கு அழுகை முட்டியது. பெரிய ஆள் ஒருவர் வந்துவிட்டார். இனி அக்காவை அவர் பார்த்துக்கொள்வார்.

"என்ன பிள்ளை, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்? விலத்து, சூடு. எங்கை உன்ரை அக்கா? எழும்பிட்டாவே? ஹோம்புஷ் முழுக்க ஒரே கதை, ரஞ்சினி வாயை மூடிட்டாளாம் எண்டு. நான் நம்பேல்லை. அது தங்கச்சியின்ரை தொழிலெல்லோ எண்டு சொன்னனான்."

சூப்பை மேசையில் வைத்தாள். பிரம்புக் கதிரையில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ரஞ்சினியைப் பார்த்தாள். "ஓகோ, மகாராணி கொலுவிலை. என்னடி, ஆள் வந்தால் திரும்பிப் பாக்கிறேல்லையே?"

ரஞ்சினி திரும்பவில்லை. பின்னல் கதிரையின் முதுகுக்கு வெளியே தொங்கியது. வலது கை கைப்பிடியின் மேல்.

"காலமை தொடக்கம் இப்பிடித்தான் அன்ரி" என்றாள் பத்மா. "கஞ்சியும் குடிக்கேல்லை."

"நெஞ்சிலை சளி இருக்கும். கொண்டா கையை." அன்ரி கதிரைக்கு அருகில் குனிந்து, ரஞ்சினியின் மணிக்கட்டைத் தூக்கினாள். விரல்களை வைத்தாள். இன்னும் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நின்றாள்.

விரல்களைக் கொஞ்சம் மாற்றி வைத்தாள்.

மறுபடியும் மாற்றினாள்.

குனிந்து ரஞ்சினியின் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். எத்தனையோ முகங்களை அப்படிப் பார்த்துப் பழகியவள் அவள். கீழே ஒரு ரயில் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது.

அன்ரி அந்தக் கையைக் கொண்டுபோய், நித்திரை கொள்ளும் குழந்தையின் கையை வைப்பதுபோல, மெதுவாகக் கதிரையின் கைப்பிடியில் திரும்ப வைத்தாள். நிமிர்ந்தாள். அப்போதுதான் மூடியிருந்த கண்ணாடி அவள் கண்ணில் பட்டது. நின்றுபோன மணிக்கூடு. மூடிய யன்னல் சீலை.

"அன்ரி?" என்றாள் பத்மா. "அக்காவுக்கு என்ன?"

அன்ரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன. உதடுகள் பிரிந்தன.

டொக்.

கைப்பிடியில், அன்ரி இப்போதுதான் வைத்துவிட்ட கையின் மோதிர விரல், மெல்ல எழும்பித் தட்டியது.

பிரிந்த உதடுகள் மூடிக்கொண்டன.

அன்ரி கைப்பையை எடுத்தாள். சூப் பாத்திரத்தை எடுக்கவில்லை. கதிரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்தாள். குனியாமலே சப்பாத்துக்குள் காலை நுழைத்தாள். ஒரு குதி உள்ளே போகவில்லை. மிதித்துக்கொண்டே படிக்கட்டில் கால் வைத்தாள்.

"அன்ரி, சொல்லிப்போட்டுப் போங்கோ!" பத்மா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒருநாளும் கத்தியதில்லை. "அன்ரி! போட்டு வாறன் எண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்கோ!"

சத்தியபாமா அன்ரி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, திரும்பிப் பாராமல், ஒரு சொல்லும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.